சத்தம் வந்த வீடு

அந்தத் தெருவில் நாய்கூட யோசித்துத்தான் குரைக்கும். நம்மூரை விட்டு வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவனுக்கு அப்படிப்பட்ட இடத்தில் வாடகைக்கு இருப்பது லேசான காரியமா? ஆனால் நம் லிப்ட் மெக்கானிக்குக்கு அதில்தான் பெருமை. நம்மாட்கள் யாராவது போனில் கிடைத்தால், "எங்க ஏரியாவுல குண்டூசி விழுந்தாக் கேக்கும்" என்று அளப்பான். விழுந்தால் வீட்டைக் காலி பண்ணவேண்டும் என்பதை மட்டும் சொல்லமாட்டான்.

குடிவந்த புதிதில் அவன் மனைவி விடியற்காலையில் மிக்ஸி போட்டாள் என்று கீழ்வீட்டு வாத்தியார் புகார் கொடுத்துவிட்டார். இன்னொரு புகார் வந்தால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான் என்று வீட்டுக்காரம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். அன்று பிடித்தது சனி. மிக்ஸிக்கு அடியில் துண்டு, நாற்காலிக் கால்களுக்கு அவனுடைய பழைய சாக்ஸ், தும்மல் வந்தால் தலையணை. அவளோ பஸ் கண்டக்டர் பெற்ற பெண். அவள் அப்பா விசிலே ஊதமாட்டார்; அவர் "போலாம் ரைட்" என்றால் அடுத்த ஸ்டாப்பில் நிற்பவன் பையைத் தூக்கிக்கொள்வான். அதே தொண்டைதான் மகளுக்கும். அதைப்போய் "மெதுவா, மெதுவா" என்றே பாழாக்கிவிட்டான், பாவி. அவளும் போனால் போகிறதென்று விட்டுக்கொடுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் தம்பி போன் பண்ணினான்.

"அக்கா... அப்பா போயிட்டாருக்கா."

விசாவைப் புதுப்பிக்க பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தார்கள். அது கைக்கு வராமல் கிளம்ப வழியில்லை. அப்பா முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அழுவது ஒன்றுதான் மிச்சம். "அப்பா!" என்று அலறினாள். அடிவயிற்றிலிருந்து வந்த அலறல்.

அவன் ஓடினான். அவளிடம் இல்லை, ஜன்னலைச் சாத்த. சாத்திக்கொண்டிருக்கும்போதே அழைப்புமணி அடித்தது. கதவை ஒரு சாண் மட்டும் திறந்தான். எதிர்வீட்டு நர்ஸ் ஈரத் தலையோடு நின்றாள்.

"என்னாச்சு? யாருக்காவது உடம்பு முடியலையா? நான் வரட்டுமா?" என்று அந்த ஊர் பாஷையில் கேட்டாள்.

புகார் சொல்ல வந்தவளா அவள்? குளித்த தலையைக்கூடத் துவட்டாமல் பதறி ஓடிவந்தவள். ஆனால் அவன் வாய் எதற்குப் பழகியிருந்ததோ அதைத்தானே சொல்லும்? ஈயென்று இளித்துக்கொண்டு, "டி.வி.ங்க. சவுண்டு கூடிப்போச்சு, மன்னிச்சுக்குங்க" என்றான்.

உள்ளே அழுகை சட்டென்று நின்றது. அந்த பாஷை அவளுக்கும் அந்த அளவுக்குப் புரியும்.

கதவைச் சாத்திவிட்டு வந்தவனை நிமிர்ந்து பார்த்தாள். "எங்கப்பா செத்தது உங்களுக்கு டி.வி.யா?"

"ஐயோ, வாய் தவறி வந்துடுச்சும்மா..."

"நாம கிளம்பின அன்னைக்கு ஏர்போர்ட்டுல, அத்தனை பேர் பார்க்க உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரே, பொண்ணைப் பார்த்துக்குங்க மாப்ளேன்னு. அதுவும் டி.வி.தானா?"

அவனும் மாமனார்மேல் பிரியம் இல்லாதவன் அல்ல. ஏதாவது செய்யவேண்டுமே என்று தவித்து, பால்கனிக் கதவைத் தாழ்போட்டான், திரையை இழுத்துவிட்டான். "இப்ப அழும்மா. நல்லா அழு. வெளிய கேக்காது" என்றான்.

அதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம்.

அவள் எழுந்தாள். செருப்புக்கூடப் போடாமல் போய் எதிர்வீட்டு மணியை அடித்து, "எங்கப்பா செத்துட்டாரு" என்று தெரிந்த பாஷையில் சொன்னாள். நர்ஸ் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கையாலும் அணைத்து உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். அதன்பிறகு வந்தது பாருங்கள் அழுகை, கண்டக்டர் மகளின் முழுத் தொண்டையில்! மாடிப்படி முழுக்க அது இறங்கிப் போயிற்று.

அவன் தன் வாசலிலேயே நின்றான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்டுவது?

கீழ்வீட்டு வாத்தியார் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். "என்ன சத்தம் இது? உங்க வீட்டுலயா?"

"எங்க வீட்டுல இல்லீங்க" என்று அவன் எதிர்க் கதவைக் கைகாட்டினான்.