குமிழி நடுவில்தான் நின்றது

தம்பி ஒரு தாளை எடுத்து, இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் செருகினான். தாள் தடையே இல்லாமல் நுழைந்து மறுபக்கம் எட்டிப் பார்த்தது.

"இதுவும் ஆகாதுக்கா" என்றான்.

"நல்லாப் பாருடா."

"பாத்தாச்சு. இந்த முனை கச்சிதமா உக்காருது. அந்த முனை இளிக்குது. தாள் நுழையிற இடத்துல நான் வெல்டிங் வைக்க மாட்டேன். நடு ரோட்டுல பைக்கு ரெண்டாப் பிரிஞ்சா மாமா என் சட்டையைத்தான் பிடிப்பாரு."

"நான் எப்படிப் பிடிக்கிறது?" ஷெட்டின் வாசலில் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்த பல்லக்காவின் கணவர் கேட்டார். "நானும்தான் பின்னாடி உக்காந்திருப்பேன். பிரிஞ்சா நானும் போய்ச் சேர்ந்திருப்பேன், மாப்ள."

பல்லக்கா சிரிக்கவில்லை. அவள் கையில் இருந்த குழாயை இருவர் தலையிலும் மாறி மாறிப் போடலாம் போல் இருந்தது.

செயற்கைப் பல் செய்யும் லேபில் வேலை. அதனால் தெருவில் அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் பல்லக்காதான். அவள் செய்துகொடுத்த பல்செட்டோடு எலும்பு கடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இம்மி பிசகினாலும் ஈறு புண்ணாகிவிடும் வேலை. அந்தக் கைக்கு ஒரு முழம்கூட இல்லாத இரும்புக் குழாய் அடங்க மாட்டேன் என்றது.

எல்லாம் அவள் உயரத்தில் ஆரம்பித்த வம்பு. எந்த பைக்கில் ஏறினாலும் கால் பெருவிரல் மட்டும்தான் தரையைத் தொடும். "கூடப் பெரியவங்க யாரும் வரலியா?" என்று ஷோரூமில் கேட்டார்கள். அந்த ரோஷத்திலேயே ஒன்றை வாங்கினாள். ஒரு நாள் சிக்னலில் கால் எட்டாமல், அத்தனை பேர் பார்க்க, நின்ற இடத்திலேயே மெதுவாகச் சாய்ந்து விழுந்தாள். வேகமாகப் போய் விழுந்திருந்தாலாவது ஒரு கௌரவம் இருந்திருக்கும். நின்றுகொண்டே விழுந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அன்றே முடிவு செய்தாள். அந்த பைக்கின் இன்ஜினையும் சக்கரங்களையும் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதியும்படி தாழ்வான ஃப்ரேம் ஒன்றைத் தானே செய்ய இறங்கினாள். பட்டறைக்காரர் ஒருவர், "பேசாம ஸ்கூட்டர் வாங்கிக்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆகவே வெல்டிங்குக்குத் தம்பிதான் கதி. அவன் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர். இன்று மாலை கிளம்பினால் திரும்பி வர ஒரு வருஷம் ஆகும். இன்று ஞாயிற்றுக்கிழமை வேறு. இரும்புக்கடை பூட்டியிருந்தது. மூலையில் கடைசியாக ஒரே ஒரு துண்டுக் குழாய் சாய்ந்து நின்றது.

ஒரு குழாய் இன்னொரு குழாயின் மேல் சந்து இல்லாமல் உட்கார, அதன் முனையைப் பிறை போலக் குடைய வேண்டும். வாய் எடுப்பது என்பான் தம்பி. டிரில்லிங் மெஷினில் வட்ட ரம்பத்தை மாட்டிக் கீழே இறக்கினால் வாய் வந்துவிடும். ஒரு முனையில் மட்டும் வாய் எடுத்த குழாய்கள் எல்லாம் சமர்த்தாகப் போய் உட்கார்ந்துவிட்டன. இருக்கையின் மூக்குக்கு, அதாவது முன்நுனிக்குக் கீழே, இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் இணைக்கும் குறுக்குக் குழாய்தான் உயிரை எடுத்தது. அதற்கு இரண்டு முனையிலும் வாய். இரண்டும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். ஒன்று கொஞ்சம் திரும்பினாலும் மற்றது இளித்துவிடும்.

திரும்பக் கூடாது என்றுதான் கணவரின் ரசமட்டத்தைக் கேட்டு வாங்கியிருந்தாள். அவர் டைல்ஸ் ஒட்டுபவர். ரசமட்டத்தைப் பல் துலக்கும் பிரஷ் போல யாருக்கும் கொடுக்காத ஆள். மனைவி என்பதால் கொடுத்தார். குழாயின் முதுகில் தட்டையான கிளிப் ஒன்றைப் பூட்டி, அதன்மேல் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை குழாயை உருட்டிச் சரிசெய்து, இறுக்கிவிட்டு ரம்பத்தை இறக்குவாள். பிறகு குழாயை முனை மாற்றித் திருப்பிப் போட்டு மறுமுனைக்கும் அதே சடங்கு.

அப்படிச் செய்தும் முதல் குழாய் இளித்தது. அதை அரத்தால் தேய்த்தாள். ஒரு பக்கம் சரியானபோது மறுபக்கம் போய்விட்டது. இரண்டாவது இப்போது தாளை விழுங்கிவிட்டது.

"உங்க ரசமட்டத்துலதான் ஏதோ கோளாறு" என்றாள்.

கணவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "என்னை என்ன வேணா சொல்லு. அதைச் சொல்லாத."

"அப்ப என் கை சரியில்லைங்கிறீங்களா?"

"நான் எங்க சொன்னேன்? உன் தம்பிதான் மூஞ்சிலயே எழுதி ஒட்டியிருக்கான்."

"என்னை ஏன் மாமா இழுக்கிறீங்க? அக்கா, பசிக்குது. சீக்கிரம் அந்தக் கடைசித் துண்டை வெட்டு. இல்லன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுத்த வருஷம் என்ற சொல் அவளுக்குச் சுருக்கென்றது. கடைசிக் குழாயை எடுத்துப் பூட்டினாள். குமிழியைக் கண் எடுக்காமல் பார்த்தாள். நடுவில்தான் நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ரம்பத்தை இறக்கினாள். எண்ணெய் புகைந்தது. திருப்பிப் போட்டாள். மறுபடி குமிழி. மறுபடி நடு. மறுபடி ரம்பம்.

தம்பி குழாயைப் பொருத்தினான். தாளைச் செருகினான். தாள் நுழைந்தது.

பல்லக்கா அந்தக் குழாயைப் பிடுங்கித் தரையில் போட்டாள். அது டங்கென்று விழுந்து, ஒரு கணம் யோசித்துவிட்டு, வாசலைப் பார்த்து உருள ஆரம்பித்தது. உருண்டு போய்க் கணவரின் காலில் முட்டி நின்றது.

அவரால் சும்மா இருக்க முடியவில்லை. "என்ன கோவமா இருந்தாலும் சரி, நான் போட்ட தரையைப் பாரு. ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது. எந்த மூலையில ஊத்தினாலும் வாசலுக்கு ஓடி வந்துடும். வேலைன்னா இது வேலை."

வாயைத் திறந்த பல்லக்கா அப்படியே நின்றாள். காலையிலிருந்து கீழே விழுந்த ஒவ்வொரு துண்டையும் வாசலில் போய்த்தான் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ரசமட்டத்தை எடுத்து, டிரில்லிங் மெஷினின் மேடைமேல் குறுக்காக வைத்தாள். குமிழி ஒரு பக்கம் ஒதுங்கி நின்றது.

"மெஷின் சாஞ்சிருக்கு" என்றார் கணவர்.

"மெஷின் நேராத்தான் இருக்கு. அது நிக்கிற தரைதான் வாசலைப் பாத்துச் சாஞ்சிருக்கு." அவள் ரம்பத்தைத் தொட்டுக் காட்டினாள். "குழாயை ரசமட்டம் வச்சு நேரா நிறுத்திட்டேன். ரம்பம் மட்டும் சாஞ்சு இறங்கியிருக்கு. முதல் முனையில ஒரு பக்கமா வெட்டிடுச்சு. குழாயைத் திருப்பிப் போட்டதும் மறுமுனையில எதிர்ப்பக்கமா வெட்டிடுச்சு. ஒரு வாய் கிழக்க, ஒரு வாய் மேற்க. பின்ன எப்படிங்க உக்காரும்?"

தம்பி தலையைச் சொறிந்தான். "ஒரு முனை வெட்டினதெல்லாம் சரியா வந்தது அதனாலதானா? அதை எப்படி வேணா உருட்டி வச்சுக்கலாமே."

"ஆக, என் ரசமட்டமும் சரி, என் தரையும் சரி" என்றார் கணவர்.

"ஆமா. ரெண்டும் சரி. நான்தான் நாசமாப் போயிட்டேன்."

அவள் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தாள். காரணம் தெரிந்துவிட்டது, குழாய்தான் இல்லை. முதல் குழாய் அரம் தின்று போனது. மற்ற இரண்டிலும் வாயை மறுபடி எடுக்கலாம். எடுத்தால் நீளம் குறையும்.

கோபத்தில் தன் முழங்காலையே வெறித்துக்கொண்டிருந்தவள், கால்களை மெல்ல அகட்டினாள். பாதம் தரையைவிட்டுக் கொஞ்சம் எழும்பியது. ஒடுக்கினாள். பதிந்தது. மறுபடி அகட்டி, மறுபடி ஒடுக்கினாள்.

"என்னக்கா பண்ற?"

"குறுக்குக் குழாய் குட்டையா இருந்தா என்னடா ஆகும்?"

"மூக்குப் பக்கம் சீட்டு ஒடுங்கும். சக்கரம் பின்னாடிதான வருது, அதுக்கு ஒண்ணும் ஆகாது. பக்கக் குழாயை இன்னும் கிளாம்புல தான் பிடிச்சிருக்கேன். உள்ள தள்ளிக்கலாம்."

"சீட்டு ஒடுங்கினா காலு அகட்ட வேணாம். இன்னும் நல்லா எட்டும்."

தம்பி கணவரைப் பார்த்தான். கணவர் எழுந்து, தன் பையிலிருந்து L வடிவ மூலைமட்டத்தை எடுத்து அவளிடம் நீட்டினார்.

இந்த முறை அவள் குமிழியின் பக்கமே திரும்பவில்லை. மூலைமட்டத்தை மெஷினின் மேடைமேல் நிறுத்தி, மேடை எப்படிச் சாய்ந்திருக்கிறதோ அப்படியே கிளிப்பையும் சாய்த்து இறுக்கினாள். பார்க்கக் கோணலாக இருந்தது. டைல்ஸ்காரர் அந்தக் கண்ராவியைக் காணச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரம்பம் இறங்கியது. திருப்பிப் போட்டாள். மறுபடி மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்தாள். ரம்பம் மறுபடி இறங்கியது.

தம்பி பக்கக் குழாய்களை நெருக்கி, குறுக்குக் குழாயைப் பொருத்தினான். தாளை ஒரு முனையில் வைத்து அழுத்தினான். தாள் மடங்கியது. மறுமுனையில் அழுத்தினான். மூலை கசங்கியது.

"ஓடு, ஓடு, எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க" என்று முகமூடியை இழுத்துவிட்டான்.

பல்லக்கா திரும்பினாள். சுவரில் நீலவெளிச்சம் துடித்தது. எரிச்சல் இன்னும் முழுசாக இறங்கவில்லை. கணவர் ரசமட்டத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏம்மா, சீட்டு ஒடுங்கிட்டா நான் எங்க உக்கார்றது?"

"நீங்க உருண்டு வாங்க" என்றாள். "அதுக்குத்தான தரை போட்டு வச்சிருக்கீங்க."