சுவிட்சைப் போடாதே

ஞானசௌந்தரி வேதியியல் கட்டிடத்தின் சுவருக்குள் ஒயர் மாற்றப் போய் ஒன்பது வருடமாகிறது. வேலை இன்னும் முடியவில்லை. பழைய கட்டிடம், அப்படித்தான் இழுக்கும்.

உள்ளே போகுமுன் மெயின் சுவிட்சை இறக்கி, 'ஆள் வேலை செய்கிறார், சுவிட்சைப் போடாதே' என்ற பலகையை மாட்டினாள். மாட்டியவர் கையால்தான் அதைக் கழற்ற வேண்டும். கடவுளே இல்லை என்றுகூட எலெக்ட்ரீஷியன்கள் சொல்லிவிடுவார்கள், அந்தப் பலகையைத் தொடமாட்டார்கள். அதனால் இரண்டாம் மாடி ஒன்பது வருடமாக இருட்டு. மாணவர்கள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டார்கள்.

அவள் கணவர் தேவசகாயம் அங்கேயே அட்டெண்டர். மதியம் காற்றுக்குழாய் வழியாகத் தூக்குவாளியை உள்ளே தள்ளிவிடுவார். ஆரம்பத்தில் காலி வாளி அரை மணி நேரத்தில் திரும்பி வந்தது. இப்போது நாலு நாளாகிறது. சுவர் உள்ளே நீண்டுகொண்டே போகிறது.

கட்டிடத்தைப் புதுப்பிக்க உத்தரவு வந்தது. புது ஒயர், புது ஏசி, புதுக் குழாய். பொறியாளர் நக்கீரன் ஒரு படிவத்தோடு வந்தார்.

"நாளைக்குப் பழைய குழாயை அடைச்சிருவோம் அண்ணாச்சி. மாட்டுனவங்க வரலைன்னா வீட்டு ஆளு பலகையைக் கழட்டலாம்னு புது விதி."

"அவ ஒயரைப் பிடிச்சிட்டுல்லா நிக்கா சார்."

"அதுக்குத் தனிக் கட்டம் இருக்கு. டிக் பண்ணுங்க."

தேவசகாயம் குழாயில் வாயை வைத்தார். "சௌந்தரி, வந்துரு. நாளைக்கு அடைக்காங்களாம்."

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. "வழி தெரியலைங்க. லைட்டைப் போடுங்க, பாத்து வந்துருதேன்."

"ஒயரை விட்டுட்டியா?"

"விட்டா எதைப் பிடிச்சிட்டு நிக்க?"

போட்டால் கருகிவிடுவாள். போடாவிட்டால் உள்ளேயே அடைபட்டுவிடுவாள். தேவசகாயம் அழுதார். பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"விட்டுரு. நான் சொல்லுதேன்லா," என்றார் தேவசகாயம்.

"சரி, விட்டுட்டேன்."

அவர் பலகையைக் கழற்றிச் சுவிட்சை ஏற்றினார். மாடி முழுக்கக் குழல்விளக்குகள் எரிந்தன. வோல்டேஜ் சரியாக இருக்கிறது என்றார் பொறியாளர்.

"வாசல் தெரியுதுங்க." சௌந்தரியின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "ஆனா நீங்க அங்க நிக்கலியே."

"நான் இந்தப் பக்கம் நிக்கேன். திரும்பிப் பாரு."

"இந்தப் பக்கம் வெறுஞ் சுவருதாங்க இருக்கு." உள்ளிருந்து அவள் சுவரைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. "வேளா வேளைக்குச் சாப்பிடுங்க. போறேன்."

வேலைக்குக் கிளம்பும்போது 'போயிட்டு வாரேன்' என்பாளே தவிர, 'போறேன்' என்று ஒரு நாளும் அவள் சொன்னதில்லை.

தேவசகாயம் ஓடிப்போய்ச் சுவிட்சை இறக்கினார். இருட்டில் அவளுக்கு மறுபடியும் வழி தப்பிவிட வேண்டும் என்று ஏசுவிடம் கேட்டுக்கொண்டு நின்றார்.