ஒரு வேண்டாமுக்கு ஒரு முழம்

நியூயார்க்கில் தேங்க்ஸ்கிவிங் என்னும் விருந்து நாளன்று யாராவது சாப்பாட்டை வேண்டாம் என்று சொன்னால் மேஜை ஒரு முழம் நீளும். இது ஊரறிந்த விஷயம். அதனால்தான் காலையிலேயே கட்டிடத்துக் காவலாளி வந்து, இளம்பரிதி வீட்டுச் சாப்பாட்டறைச் சுவரைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டுப் போனார். "உங்க மாமனார் வந்திருக்காராமே" என்று மட்டும் கேட்டார்.

மாமனார் நாச்சிமுத்து காங்கேயத்துக்காரர். மகள் மேகலா சில வருஷங்களுக்கு முன்னால் அவரைக் கேட்காமலே இளம்பரிதியைக் கட்டிக்கொண்டாள். அவர் கத்தவில்லை, கையை ஓங்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அந்தத் தம்பி வூட்ல நான் கை நனைக்க மாட்டேன்."

சொன்னால் சொன்னதுதான். ஒரு வீட்டில் சாப்பிடவில்லை என்றால் அந்த வீட்டோடு உறவில்லை. பதிவு அலுவலகம், தாலி, அமெரிக்க விசா எல்லாம் பார்த்த கல்யாணம், நாச்சிமுத்து கணக்கில் இன்னும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தது.

மகளைப் பார்க்க வந்தார், அது வேறு. வந்த நாளிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த பொரியும் கடலையும்தான் ஆகாரம். தண்ணீர்கூடக் கடையில் வாங்கிக் குடித்தார். அவர் மனைவி, அத்தை மயிலாத்தாள், அப்படியில்லை. முதல் நாளே சமையலறையில் நின்றபடி நாலு தோசையைத் தள்ளிவிட்டார். நின்று சாப்பிட்டால் கணக்கில் வராது என்பது அத்தையின் கட்சி.

அன்று சாயங்காலம் ஊர் திரும்ப விமானம். அதற்குள் மாமா சாப்பிட்டாக வேண்டும். இல்லையென்றால் இந்த ஜென்மத்தில் இல்லை.

"இன்னைக்கு மாமா சாப்பிடுவார்" என்றான் இளம்பரிதி, முகச்சவரம் செய்துகொண்டே. கண்ணாடி மறுத்துப் பேசவில்லை. அவனுக்கு அதுவே போதும்.

பதினோரு மணிக்கெல்லாம் இலை போட்டார்கள். மேகலா அரிசியும்பருப்பும் சாதம் வைத்திருந்தாள். இடியாப்பம் மாதிரிப் பிழிந்த சந்தகை, ரசம், கோழி வறுவல். நாச்சிமுத்து மரியாதைக்கு வந்து மேஜையின் அந்தக் கோடியில் உட்கார்ந்தார். வேட்டி மடிப்புக் கலையவில்லை.

"அப்பா, சாதம் வைக்கட்டுமா?"

"வேண்டாங் கண்ணு."

மேஜை ஒரு முழம் நீண்டது. நாற்காலியோடு மாமா பின்னால் போனார்.

"சந்தகைங்கப்பா?"

"வேண்டாம்."

"ரசமாச்சும்?"

"வேண்டாம், வேண்டாம்."

மேஜை சாய்த்து வைத்த சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் போனது. அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்த அம்மாள் காலைத் தூக்கி வழிவிட்டாள். அவளுக்கும் ஒரு மாமனார் இருந்தார்தானே.

பிறகு போனில் கேட்க வேண்டியதாயிற்று. மேகலா கேட்பாள், அவர் வேண்டாம் என்பார், மேஜை போகும். ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போனது. பஸ்கள் அடியில் குனிந்து போயின. மத்தியானத்துக்குள் ஹட்சன் ஆற்றில் இறங்கிவிட்டது.

அப்போதுதான் இளம்பரிதிக்கு உறைத்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் நியூவார்க் விமான நிலையம். மனுஷர் பாட்டுக்கு வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போனால், டாக்சி இல்லாமல் விமான வாசலில் போய் இறங்கிவிடலாம்.

"உங்கப்பா பெரிய ஆளு மேகலா" என்றான். உண்மையிலேயே மெச்சிக்கொண்டான்.

"மெச்சுங்க, மெச்சுங்க" என்றாள் மேகலா. அவள் குரல் உடைந்தது. "எங்கப்பா நம்ம வூட்ல ஒரு வாய் சாப்பிட மாட்டாரான்னு நான் எத்தனை நாளா ஏங்கறேன். உங்களுக்கு வெளையாட்டா இருக்குது."

அழைப்பு மணி அடித்தது.

வான்கோழிதான். அந்த ஊரில் அன்றைக்கு வீட்டுக்கு ஒரு வான்கோழி ரயில் பிடித்து வந்துவிடும். கோட்டைக் கழற்றி மாட்டும். அடுப்பு எந்தப் பக்கம் என்று கேட்கும். கையைக் காட்டினால் தானே அடுப்புக்குள் போய், வேகக் கதவைச் சாத்திக்கொள்ளும். அதுதான் முறை.

கதவைத் திறந்தது அத்தை. அத்தைக்கு எந்த முறை தெரியும்?

"வாங்க, வாங்க. இந்தக் குளுர்ல எப்படித்தான் வந்தீங்களோ! உட்காருங்க." சொன்ன கையோடு ஒரு சொம்புத் தண்ணீரையும் கொடுத்துவிட்டார். வான்கோழி மடக்மடக்கென்று குடித்தது.

மேகலா ஓடிவந்தாள். "ஐயோ அம்மா! தண்ணி குடுத்துட்டியா?"

"வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்காம? நல்லாருக்குதே நீ கேக்கறது."

போச்சு. தண்ணீர் கொடுத்த பிறகு விருந்தாளி. இனி அது என்று சொல்ல முடியாது, அவர். இளம்பரிதி போய் அடுப்பை அணைத்தான். மேகலா கோழி வறுவலைச் சத்தமில்லாமல் எடுத்துப்போய் அலமாரியில் வைத்தாள். வந்தவருக்கு என்ன உறவோ, யார் கண்டது.

"சாப்பிட வாங்க" என்றான் இளம்பரிதி.

வான்கோழி மேஜையை ஒருமுறை பார்த்தார். "பெரியவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"எங்க மாமா இருக்கார். கொஞ்சம் தள்ளி."

"அப்ப அவங்க பக்கத்துலயே உட்கார்றனுங்க."

இளம்பரிதி ஒரு கையில் சாதப் பாத்திரமும் மறு கையில் ரசமும் நெய்யுமாக மேஜை ஓரமாகவே நடந்தான். வான்கோழி கோட்டை இறக்கையில் மடித்துப் போட்டுக்கொண்டு கூடவே வந்தார். பேப்பர் அம்மாள் மறுபடியும் காலைத் தூக்கினாள். தெருவில் சிவப்பு விளக்குக்கு இருவரும் நின்றார்கள். ஆற்றில் தண்ணீர் முழங்கால் அளவுதான் இருந்தது.

அக்கரையில் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் விமானம் தெரிந்தது. படி இறக்கியாயிற்று.

வந்தவரைப் பார்த்ததும் நாச்சிமுத்து எழுந்து கும்பிட்டார். இளம்பரிதியைப் பார்க்கவில்லை.

"வாங்க. எந்த ஊருங்க?"

"பென்சில்வேனியாப் பக்கமுங்க."

"மழை எப்படிங்க அங்க?"

"பரவாயில்லீங்க. மக்காச்சோளம் நல்லா வந்துச்சு."

"சந்தோசமுங்க. உட்காருங்க."

இளம்பரிதி இலை போட்டான். தண்ணீர் தெளித்தான். சாதம் வைத்து நெய் ஊற்றினான். வான்கோழி இலையைப் பார்த்தார். பக்கத்தில் நாச்சிமுத்துவின் காய்ந்த இலையையும் பார்த்தார். இறக்கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, சாப்பிடுங்க" என்றார் நாச்சிமுத்து.

"தப்பா நினைக்காதீங்க. பெரியவங்க நீங்களே கை நனைக்காத வூட்ல, நான் எப்படிங்க நனைக்கறது?"

"அது வேறங்க. நீங்க சாப்பிடுங்க."

"வேண்டாமுங்க."

மேஜை ஒரு முழம் நீண்டது. இந்த முறை நாச்சிமுத்து துணுக்குற்றார். மற்றவர் சொல்லிக் கேட்கும்போது அந்தச் சொல் அப்படித்தான் இருக்கும். அவர் வாழ்நாளில் வந்த விருந்தாளி ஒருவர்கூடப் பசியோடு திரும்பியதில்லை. எதிரிகூட மோர் குடித்துவிட்டுத்தான் திட்டிவிட்டுப் போவான்.

"ரசமாச்சும்?" என்றார். மேகலா கேட்டது மாதிரியே இருந்தது.

"வேண்டாமுங்க."

நாற்காலிகள் விமானப் படியில் முட்டின.

நாச்சிமுத்து வான்கோழியைப் பார்த்தார். விமானத்தைப் பார்த்தார். ஆற்றுக்கு அப்பால் ஜன்னலில் ஒரு பொட்டு மாதிரி தெரிந்த மகளைப் பார்த்தார். இளம்பரிதிக்கு ரசம் ஆறிவிடுமே என்று மட்டும் கவலையாக இருந்தது. மாமா சாப்பிடுவார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை.

நாச்சிமுத்து சட்டைக் கையை மடித்துவிட்டார். காய்ந்த இலையைத் துடைத்தார்.

"கூச்சப்படாம சாப்பிடுங்க" என்றார் வான்கோழியிடம். "எங்க மாப்பிள்ளை வூடுதானுங்க."

இளம்பரிதி கரண்டியைப் பிடித்திருந்தான். மாமா இலையில் சாதத்தை வைத்தான். நாச்சிமுத்து பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டார். வான்கோழியும் குனிந்தார்.

"இன்னுங் கொஞ்சம் வைக்கட்டுங்களா மாமா?"

"வைங்க."

மேஜை ஒரு முழம் உள்ளே வந்தது.

"நெய்?"

"ஊத்துங்க மாப்பிள்ளை."

மேஜை ஆற்றை விட்டு ஏறியது. அவர் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு முழம், சந்தகைக்கு மூன்று. எத்தனை வருஷத்துப் பசியோ! பஸ்கள் நிமிர்ந்தன. பேப்பர் அம்மாள் காலைத் தூக்கி, கடைசியாகக் கீழே வைத்தாள். காவலாளி வந்து சுவரை மாட்டினார்.

எல்லோரும் முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தை முதன்முறையாக உட்கார்ந்து சாப்பிட்டார். மேகலா அப்பாவின் இலையையே பார்த்துக்கொண்டு அழுதாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

கதவு தட்டப்பட்டது. விமானி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நேரமாயிடுச்சுங்க. கிளம்பலாங்களா?"

நாச்சிமுத்து நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வேண்டாமுங்க. இப்பத்தான் ரசம் ஊத்தியிருக்குது."

மேஜை ஒரு முழம் நீண்டது. சரியாக ஓர் ஆள் உட்காரலாம். இளம்பரிதி அங்கே ஓர் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தான். விமானி தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தார்.

"எந்த ஊருங்க?" என்று கேட்டார் நாச்சிமுத்து.