வெயிட்டிங்குக்குக் காரணம்

சேற்று நிலத்தை ஆராய வந்தவர் வெள்ளை வெளேரென்று ஷூ போட்டிருந்தார். அதைப் பார்த்ததுமே எனக்கு ஆளின் தரம் தெரிந்திருக்க வேண்டும். ராயபுரத்தில் என் காரில் ஏறியவர் முதல் வேலையாக ஏசியைக் கூட்டச் சொன்னார். இரண்டாவது வேலையாக டிரிப் ஷீட்டைப் பற்றி எனக்குப் பாடம் நடத்தினார்.

"ஃப்ரெடி, வண்டி எங்க நின்னாலும் நேரத்தையும் காரணத்தையும் எழுதிடணும். காரணம் இல்லேன்னா எங்க ஆபீஸ்ல வெயிட்டிங் பில் பாஸ் ஆகாது."

"எய்திர்றேன் சார்" என்றேன்.

இருபது வருடமாக வாடகைக் கார் ஓட்டுகிறேன், எனக்கு டிரிப் ஷீட் புதிதா? நின்ற இடம், நேரம், காரணம், கடைசியில் சவாரி வந்தவரின் கையெழுத்து. மேல் தாள் அவருக்கு, கார்பன் நகல் எனக்கு.

எண்ணூர் கழிமுகத்தின் ஓரம் ஒரு கம்பெனி நிலக்கரிக் கிடங்கு கட்டப் போகிறது. அதற்காக முந்நூறு ஏக்கர் சேற்று நிலத்தில் மண் கொட்டி மேடாக்குவார்கள். அங்கே பறவை, மிருகம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து எழுதிக் கொடுக்கத்தான் இவரை அனுப்பியிருந்தார்கள். ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டால் மண் லாரிகள் வந்துவிடும். அந்தச் சேற்றில்தான் என் மச்சான் தேவப்பிரியம் இடுப்பளவு தண்ணீரில் நின்று இறால் பிடிக்கிறான். அவனுக்கு வேறு தொழில் தெரியாது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. படித்தவர், கண் நன்றாகத் தெரிகிறது, பார்த்ததை எழுதுவார் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

காசிமேடு தாண்டும்வரை மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரி வரிசையில் முக்கால் மணி நேரம் மாட்டினோம். "எப்படித்தான் இந்த ஏரியாவுல மனுஷங்க இருக்காங்களோ" என்றார். முன் சீட்டில் இருந்த நான் அவர் கணக்கில் மனுஷனா, வண்டியோடு வந்த உதிரி பாகமா, தெரியவில்லை.

எண்ணூர் தாண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் ஆள் அடியோடு மாறிப்போனார்.

"நிறுத்து, நிறுத்து."

கீழே தண்ணீரில் கூழைக்கடாக்கள் வரிசையாக மிதந்துகொண்டிருந்தன. கண்ணாடியை ஒரு சாண் இறக்கி, முழங்கை நீளக் கேமராவை நீட்டினார். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. அத்திப்பட்டு போகும் சாலையில், அனல் மின் நிலையப் புகைபோக்கிகளுக்கு எதிரே, இன்னொரு முறை நிறுத்தச் சொன்னார். சேறு முழுக்கப் பூநாரைகள். நூற்றுக்கு மேல் இருக்கும். எல்லாம் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. சாம்பல் பூத்த அந்த இடத்தில் அப்படி ஒரு ரோஸ் நிறத்தைப் பார்க்க எனக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது. "என் பொண்ணுக்கு அனுப்பணும்" என்று படமாக எடுத்துத் தள்ளினார். கொஞ்ச தூரம் போய் மறுபடி நிறுத்தினோம். ஒரு நரி, வாயில் நண்டோடு, சாவகாசமாகச் சாலையைக் கடந்து கருவேலம் புதருக்குள் போனது. ஆனந்தத்தில் என் சீட்டின் முதுகைத் தட்டினார். மூன்று இடத்திலும் கதவைத் திறக்கவில்லை. ஷூவில் சேறு பட்டுவிடுமே.

அப்புறம் மடியில் படிவத்தை வைத்து வேகமாக எழுத ஆரம்பித்தார். கண்ணாடியில் பார்த்தேன். எல்லாக் கட்டத்திலும் 'இல்லை', 'இல்லை' என்று போய்க்கொண்டிருந்தது.

"இன்னா சார், பூநாரைய எய்தலியா?"

"அதெல்லாம் வந்துட்டுப் போறதுப்பா. இது என் சொந்த ஆசைக்குப் பார்த்தது. ரிப்போர்ட் வேற."

"நரி கூடவா சார் வந்துட்டுப் பூடுது?"

"நீ ரோட்டைப் பாரு."

ரோட்டைப் பார்த்தேன். கோபம் தலைக்கேறியது. ஆனால் அவர் காலையில் நடத்திய பாடம் நினைவில் இருந்தது. ராயபுரம் திரும்பியதும் டிரிப் ஷீட்டை எடுத்து, என் கையெழுத்திலேயே அழகான கையெழுத்தில், ஒவ்வொரு வெயிட்டிங்குக்கும் காரணம் எழுதினேன். அவர் போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டே, படிக்காமல், கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்து அத்திப்பட்டு பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். மேடையில் விசாரணை அதிகாரி, கம்பெனிக்காரர்கள், நடுவில் நம்ம வெள்ளை ஷூ. அறிக்கையை வாசித்தார்: "ஆய்வு நாளன்று பறவைகளோ விலங்குகளோ காணப்படவில்லை." தேதியும் சொன்னார். நான் வண்டி ஓட்டிய அதே தேதி.

மச்சான் மைக்கைப் பிடித்தான். "டெய்லி அங்க நா நின்னுகினு கீறேன் சார். என்னிய எந்தப் பக்கத்துல எய்திக்கீறாங்க?"

"பதிவு செய்துகொள்கிறோம்" என்றார் அதிகாரி. மச்சான் முகம் செத்துப்போய்த் திரும்பி வந்தான்.

நான் கார்பன் நகலைக் கொண்டுபோய் அதிகாரியின் மேஜையில் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மைக்கிலேயே வாசித்தார்.

"பாலம், ஒன்பது நாற்பது முதல் பத்து ஐந்து வரை வெயிட்டிங். காரணம், கூழைக்கடா பதினொன்று பார்க்க. அத்திப்பட்டு ரோடு, பத்தரை முதல் பதினொன்று பத்து வரை. காரணம், பூநாரை நூற்றுக்கு மேல், சார் மகளுக்குப் படம் எடுக்க. அதே ரோடு, பதினொன்றே கால், ஐந்து நிமிடம். காரணம், நரி ஒன்று, நண்டோடு."

மண்டபம் சிரித்து ஓய்வதற்கு நேரமானது. அதிகாரி சிரிக்கவில்லை.

"இது உங்க கையெழுத்தா?"

வெள்ளை ஷூ கம்பெனிக்காரர்களைப் பார்த்தார். அவர்கள் கூரையைப் பார்த்தார்கள். இல்லை என்று அவரால் சொல்ல முடியாது. அந்தக் கையெழுத்தை நம்பித்தான் அவர் ஆபீஸ் பில்லைப் பாஸ் செய்திருந்தது.

"என்னோடதுதான் சார். டிரைவர் எழுதினது. நான் படிக்காம போட்டுட்டேன்."

"அப்ப இந்த அறிக்கையிலேயும் அப்படித்தான் போட்டீங்களா?"

அறிக்கையை ஏற்க முடியாது, ஆய்வை மறுபடி நடத்த வேண்டும், இந்த முறை உள்ளூர்க்காரர் ஒருவர் படகில் கூட்டிப்போக வேண்டும் என்று எழுதச் சொன்னார் அதிகாரி. யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது மச்சான் எழுந்துவிட்டான்.

"நா இட்டுகினு போறேன் சார். ஷூவ மட்டும் கயட்டிட்டு வரச் சொல்லுங்க."

மேஜைக்கு அடியில் இரண்டு வெள்ளைக் கால்கள் மெல்லப் பின்னால் நகர்ந்தன.