பூட்டச் சொன்னது

தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு ஹீட்டர் ரிப்பேர் பார்க்கிறானே என்று இசக்கிராஜாவை ஊரே கேலி செய்தது. அவன் என்ன செய்வான்? உப்பு வியாபாரி சங்கரபாண்டியன் அண்ணாச்சிக்குக் குடும்பத்தோடு காஷ்மீர் போக ஆசை. படுக்கை, அடுப்பு, கேஸ் ஹீட்டர் என்று ஒரு வீட்டையே வேனுக்குள் கட்டிவிட்டார். அந்த ஹீட்டர்தான் பற்றுவதும் அணைவதுமாக உயிரை வாங்கியது.

உப்பளத்து ஓரம் நின்ற வேனில் கோளாறு பிடிபட்டுவிட்டது. வெளிச்சுவரில் புகை போகிற ஓட்டைக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. மூடியைக் கழற்றிக் கூட்டைக் குடைந்தெடுத்தான். பிறகு வேனுக்குள் போய், வெளியே நின்ற மச்சினன் சிவப்பிரகாஷுக்குக் குரல் கொடுத்தான்.

"ஏலே மாப்ள, சிலிண்டரத் திறந்துட்டுப் பூட்டிரு!"

கழற்றிய மூடியைத் திரும்ப மாட்டுவதைப் 'பூட்டு' என்பது மெக்கானிக் பேச்சு. சிவப்பிரகாஷோ செல்போன் கடைக்காரன். சிலிண்டரைத் திறந்தான், வேன் கதவை வெளியே சாவி போட்டுப் பூட்டினான், டீ வாங்க பைக்கில் போய்விட்டான். நல்ல பிள்ளை!

ஹீட்டர் நின்று எரிந்தது. வேர்த்துக் கொட்டவே இசக்கிராஜா அதை அணைத்துவிட்டுக் கதவைத் தள்ளினான். அசையவில்லை. அப்போதுதான் கேஸ் நாற்றம் மூக்கில் ஏறியது. ஹீட்டருக்குப் பின்னால் கேஸ் வரும் செம்புக்குழாய் விரிசல் விட்டிருந்தது. சிலிண்டர் வெளியே, போன் மச்சினன் கொண்டுபோன பைக்கில். ஜன்னல்களோ ஏசிக்காக அடைத்த கண்ணாடி. ஸ்பேனரால் உடைக்கலாம்தான், ஒரு பொறி பறந்தால் தீர்ந்தது கதை. முழங்கையால் இடித்தான். கை வலித்ததுதான் மிச்சம்.

"மாப்ள! ஏலே!" என்று கத்தினான். மேற்கிலிருந்து வீசிய கச்சான் காற்றில் யாருக்குக் கேட்கும்? முழுகாமல் இருக்கும் மனைவி உமாராணியை நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. சாகப் பயமாக இருந்தது.

புகைக்குழாயைப் பிடுங்கினான். கை நுழையும் அளவு ஓட்டை. தரையில் குப்புறப் படுத்து அதில் வாயை வைத்து உப்புக்காற்றை இழுத்தான். பிறகு துடைக்கும் துணியோடு கையை வெளியே நீட்டி ஆட்டினான். மறுபடி வாய், மறுபடி கை.

"என்னத்தான், கைய நீட்டி வெளையாடுதீய?" என்றான் டீயோடு திரும்பிய சிவப்பிரகாஷ்.

"சிலிண்டர அடைலே, நாசமாப் போறவனே! கதவத் திற!"

கதவு திறந்ததும் மண்ணில் விழுந்து இருமினான். சிவப்பிரகாஷ் கையிலிருந்த டீ கொட்டிப்போனது.

"நீங்கதானத்தான் பூட்டச் சொன்னிய..." என்று அழ ஆரம்பித்தான்.

அடிக்க ஓங்கிய கை அவன் தோளைத்தான் பிடித்துக்கொண்டது. ஓட்டையின் மூடி இன்னும் மண்ணில் கிடந்தது. இசக்கிராஜா அதைக் காட்டினான்.

"முதல்ல சாவிய எங்கிட்ட குடு" என்றான். "பெறவு அந்த மூடிய எடுத்துப் பூ... மாட்டு."