கரண்ட் வருவதற்குள்

"ஜோதி, பிளேடு கழட்ற சாவி எங்க கீது?"

கணவன் ரகுபதி போனில் இப்படிக் கேட்டபோது, ஜோதிலட்சுமி பாண்டி பஜார் கண்ணாடிக்கடையின் இருட்டறையில் ஒரு பெரியவரின் மூக்கின்மேல் சோதனைச் சட்டத்தை மாட்டி, கடைசி வரியைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். கவனம் பெரியவரிடம். வாய் மட்டும் தன் பாட்டுக்குப் பதில் சொன்னது.

"அலமாரில ரெண்டாவது டப்பா மாமா. பச்ச மூடி போட்டது. எதுக்கு?"

"சும்மாதான். இங்க கரண்ட் பூட்ச்சு. டிரான்ஸ்பார்மர்ல டமால்னு ஒரு சத்தம். லைன்மேன் வந்து கீறாரு, பத்து நிமிஷமோ அர மணியோ, வந்துடும்ன்றாரு. போன்ல சார்ஜ் ரெண்டு பர்சென்ட்தான் கீது, வெச்சிர்றேன்."

வைத்துவிட்டான். அவள் லென்ஸை மாற்றி, "இது நல்லா தெரியுதா சார், இல்ல முன்ன போட்டதா?" என்று கேட்டாள். முன்ன போட்டதுதான் என்றார் பெரியவர். மூன்றாவது லென்ஸைக் கையில் எடுத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. வீட்டில் அந்தச் சாவி போட்டுக் கழற்றும் பிளேடு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

திரும்பக் கூப்பிட்டாள். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி கூப்பிட்டாள். ஸ்விட்ச் ஆஃப் ஆன போனை மறுபடி கூப்பிட்டால் அது என்ன மனமிரங்கி எடுக்கவா போகிறது? அது தெரிந்தும் நாலு முறை கூப்பிட்டாள். பெரியவரை அப்படியே சட்டத்தோடு உட்காரவைத்துவிட்டு, முதலாளியிடம் "வீட்டுல அவசரம் சார்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பையைக்கூட எடுக்காமல் தெருவுக்கு ஓடினாள்.

என்ன அவசரம் என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. சொல்லக் கூடாது என்று மூன்று வாரமாக வாயைக் கட்டி வைத்திருந்த விஷயம் அது.

ஜோதிக்கு மரவேலை என்றால் பைத்தியம். கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு வீட்டில், கீழ்த்தளப் படிக்கட்டுக்கு அடியில் ஒரு ஆள் உட்காரும் இடம். அதுதான் அவள் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், அங்கே போய் உட்கார்ந்துவிடுவாள். பழைய கதவுப் பலகையில் முக்காலி செய்தாள், செருப்பு ஸ்டாண்ட் செய்தாள், இப்போது மகளுக்குப் படிக்கிற மேசை பாதியில் நிற்கிறது. அவளைப் போன்ற பொழுதுபோக்குத் தச்சர்கள் நூறு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. அதில் யாராவது கண்ணாடி போடாமல் மரம் அறுக்கும் படத்தைப் போட்டால் ஜோதி விடமாட்டாள். "கண்ணு போனா எங்க கடையில ஸ்பேர் கிடைக்காது தம்பி" என்று கிழித்துவிடுவாள். குழுவில் அவளுக்கு 'கண்ணாடிக்கா' என்றே பெயர்.

அப்பேர்ப்பட்ட கண்ணாடிக்காதான் கோட்டை விட்டாள்.

அவளிடம் இருப்பது உள்ளங்கையளவு வட்ட பிளேடு சுற்றும் கட்டிங் மெஷின். அதன் ஸ்விட்ச் நகர்த்துகிற வகை. ஒருமுறை முன்னால் தள்ளினால் அங்கேயே நிற்கும், விரலை எடுத்தாலும் பின்னால் வராது. மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அறுத்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய், மெஷின் இழுத்துக்கொண்டே வந்து நின்றது. அந்த பிளாக்கில் கரண்ட் போனால் யாரும் எதையும் அணைக்கமாட்டார்கள். எல்லாம் போட்டது போட்டபடி இருக்கும். அணைத்துவிட்டால் கரண்ட் வந்தது எப்படித் தெரியும்? ஃபேன் சுற்ற வேண்டும், டிவி கத்த வேண்டும், அப்போதுதான் வந்தது என்று அர்த்தம். அதுவரை சும்மா இருக்கவும் மாட்டார்கள். கரண்ட் போன நேரத்தில்தான் பூண்டு உரிப்பதும் பரணைத் துடைப்பதும் நடக்கும். ஜோதியும் நேரத்தை வீணாக்குவானேன் என்று தேய்ந்த பிளேடை மாற்ற உட்கார்ந்தாள். கண்ணில் கண்ணாடி. காதில் பஞ்சு. ப்ளக் சுவரில். ஸ்விட்ச் முன்னால் தள்ளினபடி.

கரண்ட் வந்தது.

இடது ஆள்காட்டி விரலில் பாதி நகத்தோடு நுனி போயிற்று. ஒன்பது தையல். தைத்த டாக்டர், "என்னம்மா வெட்டுச்சு?" என்று கேட்க, "மீன் ஆயும்போது அருவாமனை" என்றாள். அவர் விரலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தைத்தார். அதே பொய்யைத்தான் வீட்டுக்கு ஓடிவந்து பார்த்த அக்கம்பக்கத்தாரிடமும், டூட்டி முடிந்து வந்த ரகுபதியிடமும் சொன்னாள். ரகுபதி மெஷினை வாங்கிய அன்றே, "இதனால ஒரு சொட்டு ரத்தம் பாத்தேன், அப்பவே தூக்கி ஆத்துல போட்டுடுவேன்" என்று சொல்லியிருந்தான். அடையாறு வீட்டுக்குப் பின்னாலேயே ஓடுகிறது. அவன் சொன்னால் செய்கிற ஆள். குழுவிலும் வாயைத் திறக்கவில்லை. ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன வாய் அது, வெட்கம் பிடுங்கித் தின்றது.

இப்போது அந்த ரகுபதிதான் அதே படிக்கட்டுக்கு அடியில், கரண்ட் இல்லாத நேரத்தில், பிளேடு கழற்ற உட்கார்ந்திருக்கிறான். அறுத்துக்கொண்டிருக்கும்போதுதான் கரண்ட் போயிருக்கும், அந்த பிளாக்கின் வழக்கப்படி அவனும் ஸ்விட்சை அணைத்திருக்கமாட்டான். மாநகரப் பேருந்து ஓட்டுபவன். இன்று வார ஓய்வு. விரல் ஆறுகிற வரை மனைவியால் முடியாதே, மேசையை நாமே முடித்து வைப்போம் என்று கிளம்பியிருப்பான். அந்தப் பாசத்தை நினைத்தால் அவளுக்கு அழுகையாகவும் வந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது.

ஆட்டோ வெங்கட்நாராயணா சாலையில் ஊர்ந்தது. மெட்ரோ வேலைக்கு வைத்த தகரத் தடுப்பு, அதை ஒட்டி ஒரு குப்பை லாரி, லாரிக்குப் பின்னால் பள்ளி வேன். ஜோதி சீட்டின் நுனியில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிளாக்கில் வேறு யாரைக் கூப்பிடுவது? பாதிப் பேர் வேலையில், மீதிப் பேரின் நம்பர் இவளிடம் இல்லை. பகலில் வீட்டில் இருப்பவள், நம்பரும் இருப்பவள் ஒரே ஒருத்தி. கீழ்த்தளத்தில் இட்லி மாவு அரைத்து விற்கும் சூடாமணி.

போயும் போயும் சூடாமணி. மரத்தூள் பறந்து வந்து மாவில் விழுகிறது என்று ஆறு மாதமாக இவளோடு மல்லுக்கு நிற்பவள். படிக்கட்டுக்கு அடியில் மெஷின் ஓட்டக் கூடாது என்று குடியிருப்போர் சங்கத்தில் புகார் எழுதிக் கொடுத்து, வரும் ஞாயிற்றுக்கிழமை அதற்கென்றே கூட்டமும் போட வைத்திருக்கிறாள். அவள் கையில் இதைக் கொடுத்தால் பட்டறை அன்றோடு காலி. ஜோதி நந்தனம் சிக்னல் வரைக்கும் போனைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தாள். சிக்னல் சிவப்பிலேயே நின்றது. கூப்பிட்டுவிட்டாள்.

"அக்கா, ஜோதி பேசறேன். உங்களாண்ட கரண்ட் வந்துட்ச்சா?"

"இல்ல. அத கேக்கவா போன் போட்ட?"

"படிக்கட்டுக்கு அடியில எங்க வீட்டுக்காரரு கீறாரா பாருங்க. செவுத்துல ப்ளக்கு கீதுக்கா, அத உடனே புடுங்கிடுங்க."

"நான் போய் புடுங்கணுமா? நேத்துதான உன் புருசன் தூளுக்கு ஜன்னல சாத்திக்கோன்னு என்கிட்ட சட்டம் பேசினான். இப்ப நான் ப்ளக்க புடுங்கினா ஊட்ல ஏறி சண்டைக்கு வரமாட்டானா? கூட்டத்துல பேசிக்கலாம்மா."

"அக்கா, வெச்சிடாதீங்க. அந்த மெஷினு ஆன்ல கீது. கரண்டு வந்தா தானா ஓடும். அவரு பிளேடு மேல கை வெச்சுக்கினு உக்காந்துகினு கீறாரு."

"அவன் ஆன்ல வெச்சது உனக்கு எப்டித் தெரியும்? நீ கடையில கீற."

ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக இவளைப் பார்த்தார். சிக்னல் பச்சையானது.

"நானும் அப்டிதான்க்கா வெச்சிருந்தேன். என் விரல வெட்டினது அந்த மெஷினுதான். அருவாமனை இல்ல."

சூடாமணி மெதுவாகச் சொன்னாள்: "அன்னிக்கு மஞ்சத்தூள் எடுத்துக்கினு நான்தானேடி முதல்ல ஓடியாந்தேன். என்கிட்டயுமா?"

"அக்கா, திட்றத அப்பால திட்டுங்க. போங்கக்கா."

செருப்புச் சத்தம் கேட்டது. எங்கேயோ கதவு அடித்துக்கொண்டது. அப்புறம் லைன் துண்டாகிவிட்டது.

டர்ன்புல்ஸ் சாலையில் ஆட்டோ பறந்தது. கேட்காமலேயே ஆட்டோக்காரர் பறக்கவிட்டார். ஜோதி சூடாமணியை மறுபடி கூப்பிட்டாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. போய்ச் சேர்ந்தாளா, இல்லையா? சேர்ந்தாலும் ரகுபதி விடுவானா? 'என் ப்ளக்குல நீ யாரு கை வெக்க' என்று மல்லுக்கு நின்றால்? அந்த நேரத்தில் கரண்ட் வந்தால்? அந்தக் கை பதினாலு வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிற கை. அது போனால் வேலை போகும், வேலை போனால் இந்த மனுஷன் உட்கார்ந்த இடத்திலேயே செத்துப்போவான். முகத்தில் துப்பிக்கொள்ள வேண்டும் போலிருந்தது அவளுக்கு. ஒரு மெஷினைக் காப்பாற்றவா இந்தப் பொய்?

ஆட்டோ கோட்டூர்புரம் பாலம் இறங்கியதும், திருப்பத்தில் குதிக்காத குறையாக இறங்கி ஓடினாள். பிளாக்கின் வாசலில் கால் வைக்கவும் மேல்மாடியில் குழந்தைகள் 'ஹே' என்று கத்தவும் சரியாக இருந்தது. தண்ணீர் மோட்டார் உறுமியது. யார் வீட்டிலோ டிவி பாதி வசனத்தில் அலறியது.

கரண்ட் வந்துவிட்டது.

படிக்கட்டுக்கு அடியில் பல்ப் எரிந்துகொண்டிருந்தது. ரகுபதி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். மெஷின் இரண்டு முழங்காலுக்கும் நடுவில். வலது கையில் சாவி. இடது கை ஐந்து விரலும் பிளேடைச் சுற்றி இறுக்கிப் பிடித்தபடி. மெஷின் ஊமையாகக் கிடந்தது. மூன்றடி தள்ளி, மாவுக் கையோடு சூடாமணி நின்றிருந்தாள். அவள் பிடியில் ப்ளக். பிடுங்கியது போதாதென்று ஒயரை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றியும் வைத்திருந்தாள்.

"பாரு ஜோதி, இந்தம்மா கூட்டம் வரிக்கும்கூட பொறுக்கல, நேரா வந்து ஒயர புடுங்கிகினு நிக்கிது" என்றான் ரகுபதி. "கேட்டா உன் பொண்டாட்டி வந்து சொல்லுவான்னு சொல்லுது. இன்னா சொல்லப்போற?"

ஜோதிக்கு மூச்சு வாங்கியது. "ஸ்விட்ச பாரு மாமா."

அவன் பல்பை நிமிர்ந்து பார்த்தான். பிறகு குனிந்து மெஷினின் முதுகைப் பார்த்தான். ஸ்விட்ச் முன்னால் தள்ளினபடி இருந்தது. அவன் பிளேடிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்தான். ஐந்தையும் எடுத்து முடித்து, அந்தக் கையைப் புதிதாகப் பார்ப்பவன் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தான். வண்டி ஓட்டுகிறவன், சூடாமணி இன்னும் கொஞ்ச நேரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"கடையில கீற உனக்கு எப்டித் தெரிஞ்சுது?"

கட்டுப் போட்ட விரலை அவள் நீட்டினாள். "மீன் வெட்டினப்ப இல்ல மாமா. இதேதான். இதே மாதிரி உக்காந்துகினு."

ரகுபதி மெஷினைத் தரையில் வைத்தான். சாவியை அதன் பக்கத்தில் வைத்தான்.

"எனக்குச் சொல்லியிருந்தா இத தொட்டிருப்பேனா?"

"சொல்லியிருந்தா ஆத்துல போட்டிருப்ப."

"போட்டிருப்பேன்."

"அதான் சொல்லல."

"சரி. உன் விரலுக்கு நான் மெஷின ஆத்துல போட்டிருப்பேன்." அவன் குரல் உயரவே இல்லை. "என் கை போயிருந்தா, நீ இன்னாத்த போட்டிருப்ப ஜோதி?"

அவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். ரகுபதி தேற்றவில்லை, எழுந்து போகவும் இல்லை. சூடாமணி ஒயரை மணிக்கட்டிலிருந்து அவிழ்த்து, மாவு ஒட்டிய ப்ளக்கை முந்தானையில் துடைத்தாள். "ஞாயித்துக்கிழமை கூட்டம் கீது. அங்க இன்னா சொல்றது?" என்று கேட்டாள். வழக்கமான அதட்டல் அதில் இல்லை.

"நானே வந்து சொல்றேன்க்கா. அப்பால நீங்க இன்னா முடிவு பண்றீங்களோ பண்ணுங்க."

முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். தச்சர் குழுவில் யாரோ அஞ்சறைப்பெட்டி செய்து படம் போட்டிருந்தார்கள். கீழே இருபது கைதட்டல். இந்த நூறு பேர் வீட்டிலும் கரண்ட் போகும். அத்தனை பேரும் எதையும் அணைக்காமல் விடுகிறவர்கள்தான். கண்ணாடிக்கா நடுவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டத் தொடங்கினாள். மூன்று முறை அடித்து அழித்தாள். மெஷின்மேல் பழி போட்டு ஒரு வரி, கரண்ட்மேல் போட்டு ஒரு வரி, நேரம் சரியில்லை என்று ஒரு வரி. ரகுபதி பக்கத்தில் வந்து உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நாலாவது முறை அடித்ததை அவள் அழிக்கவில்லை.

'என் விரல் நுனி போய் மூன்று வாரம் ஆகிறது. கரண்ட் போனபோது ப்ளக்கைப் பிடுங்காதது நான்தான்.'