பாஷ்கோ ஏன் அடிக்கவில்லை

...இல்லை, இது ஆளைக் கண்டு கொடுக்கும் பார்வை இல்லை, பயம், பயமேதான், வலை திறந்து கிடக்கிறது, கோல்கீப்பர் இடப்பக்கம் சரிந்துவிட்டான், லேசாக ஒரு தட்டு தட்டினால் போதும், இவனோ பக்கை, அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை, வலப்பக்கம் வருகிற விங்கருக்குத் தள்ளிவிட்டான், அவன் வழக்கம்போலக் கோட்டைவிட்டான். கோரின் ஹால்வர்சன் மடியிலிருந்த நோட்டில் இன்னொரு கோடு போட்டாள். ஆறாவது. தானே அடித்திருக்க வேண்டிய ஆறையும் கொடுத்துவிட்டான் ரைலன் பாஷ்கோ, பதினேழு வயது, ஐஸ் ஹாக்கியில் நடுவில் ஆடும் சென்டர், இவனுக்காகத்தான் அவள் காலையில் மைனஸ் முப்பத்தொரு டிகிரி குளிரில் வண்டியைக் கிளப்பி நான்கு மணிநேரம் ஓட்டி வந்தாள். ஆட்டம் முடிந்ததும் அவள் அணிக்கு ஆள் தேடும் தலைமை ஸ்கவுட் கார்த் போன் செய்வார், ஒரே கேள்விதான் கேட்பார், இவனால் கோல் வருமா, பத்துக்கு எத்தனை? பெரிய லீக் அணிகள் ஆள் எடுக்கும் ஜூன் மாதத் தேர்வில் பையன் முதல் சுற்றில் போவானா, யாரும் கூப்பிடாமல் வீட்டுக்குப் போவானா என்பதில் அந்த எண்ணுக்கும் பங்கு உண்டு... ஏன் அடிக்கவில்லை? அவளும் சென்டர் ஆடியவள்தான். அரை நொடி கிடைக்கும், கொடுப்பதா அடிப்பதா, அந்த அரை நொடியில் கையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, தலையைப் பார்க்க வேண்டும். புள்ளிக்கணக்கை நம்பவே கூடாது, இரண்டு பக்கமும் நல்ல விங்கர் இருந்தால் நடுவில் விளக்குக் கம்பத்தை நட்டுவைத்தாலும் புள்ளி வரும். இவனுக்கு வாய்த்த விங்கரோ... இவன் தலை நிமிர்ந்துதான் இருக்கிறது, எல்லாம் தெரிகிறது, தெரிந்தும் அடிக்கவில்லை என்றால் அதற்கு வேறென்ன பெயர்?

இடைவேளையில் மெர்வ் டப்சாக் காபியோடு வந்து நின்றார், வேறொரு அணியின் ஸ்கவுட், இருபது வருடமாக இதே குளிரில் இதே காபி. “பயந்தாங்கொள்ளிம்மா. நான் நாலு போட்டு மூடிட்டேன். நீ இன்னும் கோடு கிழிச்சிட்டிருக்கியா?” என்றார். “உங்களுக்கு எப்பவுமே நாலுதான் மெர்வ், உங்க கல்யாணத்துக்கே நாலுதான் போட்டிருப்பீங்க” என்றாள். “மூணு” என்றார் அவர், சிரிக்காமல். நாலு போடுவது சுலபம், யாரும் வந்து கேட்கப்போவதில்லை. எட்டு போடுவதுதான்... ட்ரெவர் நெஸ்போருக்கு அவள் எட்டு போட்டாள். எந்தக் கோணத்திலிருந்தும் அடிப்பான், அதைத் துணிச்சல் என்று எழுதினாள், பள்ளியை விட்டுவிட்டு அந்த எட்டை நம்பி வந்தான், மூன்று சின்ன லீக், இரண்டு முழங்கால் அறுவை, இப்போது யார்க்டனில் உரக் கிடங்கில் மூட்டை ஏற்றுகிறான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்து அட்டை அனுப்புகிறான், நீங்க ஒருத்தர்தான் என்னை நம்பினீங்க என்று. திட்டியாவது எழுதக் கூடாதா அவன்? அட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒவ்வொரு வருடமும் சமையலறையில் நிற்கிறாள்.

மூன்றாவது, கடைசிப் பகுதியில் ஏழு, எட்டு, ஒன்பது, கோடுகள் போய்க்கொண்டே இருந்தன. பக்கத்தில் போர்வையோடு வந்து உட்கார்ந்த அம்மாள் நோட்டைப் பார்த்துவிட்டுத் தானாகவே சொன்னாள், பெயர் லோர்னாவாம், வெளியூர்ப் பையன்களுக்கு வீட்டில் இடம்கொடுத்துச் சோறு போடுகிறவள், பாஷ்கோ தங்கியிருப்பது அவள் வீட்டில்தான். பத்து. கடைசி நிமிடம், மூன்றுக்கு இரண்டு என்று பின்தங்கி நிற்கிறார்கள், பாஷ்கோ நடுக்கோட்டில் பக்கைப் பறித்து ஒருவனை ஏமாற்றி இன்னொருவனை ஏமாற்றி, கோரின் தன்னை அறியாமல் எழுந்துவிட்டாள், அடி, அடி, அரங்கமே “அடிடா!” என்று கத்துகிறது, அவன் தலை நிமிர்ந்தது, வலையைப் பார்த்தது, பிறகு... வலப்பக்கம் தள்ளினான். விங்கர் அடித்தது கோல் கம்பத்தில் பட்டுத் தெறித்தது. மணி அடித்துவிட்டது. தோல்வி. மேலே யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். பதினொன்று.

“செவ்வாய்க்கிழமை வந்திருக்கணும் நீங்க,” லோர்னா போர்வையை மடித்துக்கொண்டே சொன்னாள். “நாலு கோல், நாலும் இவனே. அன்னைக்கு ரோடெல்லாம் பனி, உங்காளுங்க ஒருத்தரும் வரல.”

“இன்னைக்கு என்ன ஆச்சு?”

“அதான் நீங்க வந்துட்டீங்களே. அந்த விங்கர் டெவினும் என் வீட்லதான். இருபது வயசாச்சு, மார்ச்சோட இந்த லீக் வயசு வரம்பு தாண்டிடும், அவனுக்கு எல்லாம் முடிஞ்சுது, ஒரு காலேஜும் கூப்பிடல. ‘என்னைப் பாக்கத்தான் வர்றாங்க லோர்னா, பக் அவன்கிட்ட இருந்தா அவனையும் பாப்பாங்கல்ல’ன்றான் ரைலன், சாப்பிட்டுக்கிட்டே. நான் அவன் தட்டுல இன்னும் ரெண்டு பெரோகி வெச்சேன்.”

பார்வை இல்லை, பயமும் இல்லை... அப்படியென்றால் இந்தப் பதினொன்றும் என்ன? படிவத்தில் ஷாட்டுக்குக் கட்டம் உண்டு, வேகத்துக்கு உண்டு, இதற்கு? நல்ல மனசுக்குக் கட்டம் சர்ச்சிலதான் இருக்கு என்பார் கார்த். தோற்ற அணிக்கு என்ன பதில்? கொடுத்தது தப்பா? ஆனால் ஒரு பலவீனமான விங்கருக்கு, இத்தனை நல்ல தடுப்பாட்டத்துக்கு நடுவில் பதினொரு முறை வாசலைத் திறந்துவிட எவனால் முடியும்? மெர்வின் நாலு... நெஸ்போரின் எட்டு... போன் அடித்தது.

“எவ்வளவு?” என்றார் கார்த்.

“எட்டு.” என்றாள். “பதினொரு வாய்ப்பு உண்டாக்கியிருக்கான் கார்த், ஒண்ணு ரெண்டு இல்ல. எல்லாம் அந்த விங்கருக்கு.”

“பதினொண்ணா? சரி, அந்த விங்கர் எப்படி?”

நோட்டைப் புரட்டினாள், கோடுகள் மட்டும்தான். கீழே பனித்தளத்தில் பையன்கள் வரிசையாக வெளியேறிக்கொண்டிருந்தார்கள், ஒரே ஹெல்மெட், ஒரே சட்டை, இவர்களில் எவன் டெவின்? வலக்கைக்காரனா, இடக்கைக்காரனா? வேகமாகச் சறுக்கினானா? பதினொரு முறை பக் அவனிடம் போயிருக்கிறது, பதினொரு முறையும் அவள் கண் கொடுத்தவன் முகத்திலேயே நின்றுவிட்டதே... அவனையும் பார்ப்பார்கள் என்றல்லவா நம்பியிருக்கிறான் பாஷ்கோ... “கோரின்? லைன்ல இருக்கியா?” என்றார் கார்த்.